மயூர் விஹாரில் இரண்டு இருட்டுகள்

30.7.2012, திங்கள், டெல்லி

மின்விசிறி நின்றதும் விழித்துக்கொண்டேன். மணி மூன்றுக்குச் சற்று முன்பு. தெரு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போயிருக்கும் என்று மொட்டைமாடிக்கு ஏறினால், நொய்டா பக்கமும் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. முப்பது வருடம் மின்வாரியத்தில் ஷிப்ட் பார்த்தவன். இது தெருவோடு முடிகிற இருட்டு அல்ல என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையை எழுப்பவில்லை. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மாலை: 2:33-க்கு வடக்கு கிரிட், அதாவது வட மாநிலங்களை இணைக்கும் மின்தொகுப்பு, முழுவதும் விழுந்ததாம். ஏறக்குறைய 36,000 மெகாவாட். மேற்கும் கிழக்கும் பூட்டான் நீர்மின்சாரமும் கைகொடுக்க, மாலைக்குள் எழுப்பிவிட்டார்கள். நல்ல வேலை.

31.7.2012

பாராட்டி எழுதியிருக்கக் கூடாது. மதியம் ஒரு மணிக்கு மறுபடியும். மகள் மெட்ரோவில் சிக்கி, இறங்கி நடந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

"ஸ்விட்சைப் போட்டால் வந்துவிடாதா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். விளக்கிச் சொல்ல என் இந்தி போதவில்லை. இங்கே எழுதி ஆற்றிக்கொள்கிறேன்.

பெரிய அனல்மின் நிலையம் தானாக எழுந்திருக்காது. கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கும், காற்றூதும் விசிறிக்கும், நிலக்கரி அரைக்கும் ஆலைக்கும் முதலில் வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். நீர்மின் நிலையத்துக்குச் சிறிய டீசல் ஜெனரேட்டர் போதும். ஆகவே முதல் விளக்கு அணைக்கட்டில்தான். அங்கிருந்து கம்பி வழியே அனல் நிலையத்துக்கு. லோடு இல்லாமல் கிடக்கும் நீண்ட கம்பியில் மின்னழுத்தம் தானாக ஏறும். அடக்க லோடு, அதாவது மின்சாரம் இழுக்கும் ஊர்களை, கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் அலைவெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற கணக்கு) சரிந்து, எழுப்பியதெல்லாம் திரும்ப விழும். ஊருக்குப் போகும் ஒரு கம்பிக்கு, ஒரு பீடருக்கு, கொடு, பொறு. இன்னொன்றுக்குக் கொடு, பொறு. இப்படித் தனித்தனியாக எழுந்த தீவுகளை இணைக்கும்போது, இரண்டு பக்கமும் ஒத்து ஆடுகின்றனவா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப்பின் முள் மெல்லச் சுற்றிப் பன்னிரண்டைத் தொடும் நேரம் பார்த்து பிரேக்கரை, அந்தப் பெரிய ஸ்விட்சை, மூட வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் கடித்துக் குதறியிருக்கிறேன்.

நேற்றாவது சாய்ந்துகொள்ள இருபுறமும் தோள் இருந்தது. இன்று கிழக்கும் வடகிழக்கும் கூடவே விழுந்துவிட்டன.

1.8.2012

ராத்திரியே வந்துவிட்டது. 48,000 மெகாவாட், 60 கோடிப் பேர் என்கிறது பத்திரிகை. வங்காளத்தில் சுரங்கத்துக்குள் சிக்கியவர்கள் மேலே வந்ததைப் படித்த பிறகுதான் காபி இறங்கியது. மின்துறை அமைச்சராக இருந்த ஷிண்டே நேற்றே உள்துறைக்குப் போய்விட்டார். எங்கள் காலத்தில் ஒரு பிரேக்கர் தவறாக ட்ரிப் ஆனாலே மெமோ வரும்.

சென்னையிலிருந்து பழைய சகா பேசினான். "நாம் தப்பித்தோம்!" உண்மைதான். தெற்கு கிரிட் மற்ற கிரிட்களோடு நேர்மின்சாரத் (டி.சி.) தொடர்புகளால்தான் கட்டப்பட்டிருக்கிறது. இங்கே ஆடும் அலைவெண் அங்கே தாண்டாது. ஆனால் அந்த இணைப்பு ஒல்லியாக இருப்பதால்தானே வடக்கிலிருந்து வேண்டிய மின்சாரத்தைக் கொண்டுவர முடியாமல் ஊரில் மின்வெட்டு? சொன்னேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

17.8.2012

விசாரணைக் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. இரண்டு நாளும் குற்றவாளி ஒரே இடம்: பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை. அதன் பக்கத்திலேயே ஓடும் இரண்டாவது பாதையைத் தரம் உயர்த்துவதற்காக நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒற்றைப் பாதையில் சுமை ஏற ஏற, பழுதைக் கண்டால் பாதையைத் துண்டிக்கும் ரிலே என்ற காவல்கருவி அதைப் பழுது என்று எண்ணித் துண்டித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்த மாநிலங்களை மட்டும் திட்டுகிறார். இழுத்தார்கள்தான். ஆனால் திங்களன்று விழுந்த பாதையையே நம்பிச் செவ்வாயையும் ஓட்டியதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

1.1.2014, திருச்சி

ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை நேற்று இரவு இணைந்துவிட்டது. இனி காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே அலைவெண். சகாவைக் கூப்பிட்டேன். "இனி தப்பிக்க முடியாது" என்றான். மின்வெட்டு குறையுமே என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. எங்கள் தெருவில் மட்டும்தான். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.