தோசை 'தச' ஆன கதை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தவங்க சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க, அவங்களுக்கு ஜாங்கோல (பைத்தான்ல வெப்சைட் செய்யற ஃப்ரேம்வொர்க்) சின்னதா ஒரு வெப்சைட் செஞ்சு கொடுத்தேன், லிங்க் எல்லாம் தமிழ்லயே இருக்கணும்னு ஒரே பிடிவாதம். எனக்கும் ஆசைதான்.

மொத பிரச்சன ஸ்லக், அதாவது லிங்க்ல வர்ற பேர். பேர ஸ்லக்கா மாத்துற ஸ்லக்கிஃபைக்கு, மத்த மொழி எழுத்தையும் விடச் சொல்ற யூனிகோட் ஆப்ஷன ஆன் பண்ணி விட்டாலும் நம்ம கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிடுது, ஏன்னா எழுத்த அலசுற பைத்தான் ரெகெக்ஸ் கணக்குல அதெல்லாம் எழுத்தே கெடயாது. தோசை 'தச' ஆயிடுச்சு, இட்லி 'இடல'. அக்கா பாத்தா கரண்டியாலயே போடுவாங்க. சரின்னு பேர அப்படியே லிங்க்ல போட்டேன், இப்ப எந்த லிங்க் எந்த பக்கத்துக்கு போகணும்னு சொல்ற யுஆர்எல் பேட்டர்ன்ல இருந்த ஸ்லக் கன்வெர்ட்டர் மறிச்சிக்கிச்சு, அது இங்கிலீஷ் எழுத்து, நம்பர், ஹைஃபன், அண்டர்ஸ்கோர் தவிர எதையும் உள்ள விடாது. அத தூக்கிட்டு எஸ்டிஆர் (str) கன்வெர்ட்டர போட்டேன். தோசை வந்துச்சு. லைவ்ல ஏத்திட்டு மாமாக் கடைல தே தாரிக் டீ குடிக்க போயிட்டேன்.

பாதி கிளாஸ்ல போன். "தம்பி, ஆர்டர் பக்கத்த தட்டுனா பெருசா 404னு வருதுப்பா, இன்னொரு நம்பர் சேந்து வந்தாலும் நாலு நம்பர் லாட்டரியாச்சும் எடுப்பேன்."

404ன்னா பக்கம் கெடைக்கலன்னு அர்த்தம். வீட்டுக்கு வந்து பாத்தா 'ஆர்டர்/' லைன் யுஆர்எல் ஃபைல்ல ஒழுங்காதான் இருக்கு. திரும்ப டைப் பண்ணேன், சர்வர ரீஸ்டார்ட் பண்ணேன், கேஷ் கிளியர் பண்ணேன், ரெண்டு மணி நேரம் போச்சு. ஜாங்கோ எரர் விவரம் காட்டுற டீபக் பக்கத்துல பேட்டர்ன் லிஸ்ட பாத்ததும் எதுவுமே மேட்ச் ஆகலன்னு நானா முடிவு கட்டிட்டேன், ஆனா அதுக்கு கீழயே கடைசி லைன் மேட்ச் ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கு, மேல எந்த வியூ (பக்கத்த தயார் பண்ற கோட்) 404 எறிஞ்சதுன்னும் போட்டிருக்கு: சாப்பாட்டு ஐட்டத்தோட வியூ! ஜாங்கோ மேலருந்து கீழ பாத்துக்கிட்டே வரும், மொதல்ல எது பொருந்துதோ அங்கயே நின்னுடும். எஸ்டிஆர் லைன் 'ஆர்டர்/'க்கு மேல இருக்கு, ஸ்லாஷ் தவிர எது வந்தாலும் வாங்கிக்கும். ஆக 'ஆர்டர்'னு ஒரு பலகாரம் இருக்கான்னு டேட்டாபேஸ்ல தேடியிருக்கு. வரிசை ஆரம்பத்துலருந்தே தப்புதான், ஸ்லக் தமிழ உள்ள விடாததால இவ்ளோ நாள் தெரியல.

முறையா செய்யணும்னா 'உணவு/'ன்னு முன்னாடி ஒண்ணு சேக்கணும். அதுக்குள்ள அக்கா தோசை லிங்க்க வாட்ஸ்அப்ல ஊருக்கே அனுப்பிட்டாங்க, இப்ப மாத்துனா அந்த லிங்க் வேல செய்யாது. அதனால அந்த எஸ்டிஆர் லைன கடைசிக்கு தள்ளிட்டு, பக்கத்துலயே கமெண்ட் போட்டு வச்சிருக்கேன்: "டேய், இதுக்கு கீழ எதையும் எழுதாத."