நம்பிக்கையும் தலைக்கட்டு வரியும்

இந்து என்பவர் யார் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விண்ணப்பப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்பும்போதுகூட அதைப் பற்றி யோசித்தவர்கள் இல்லை. அந்தக் கேள்வி முழு வீச்சில் கேட்கப்பட்ட இடம் நீதிமன்றம்தான். அங்கேயும் தத்துவ ஆர்வத்தால் யாரும் அதைக் கேட்டுவிடவில்லை.

அகமதாபாத்தில் சுவாமிநாராயண சம்பிரதாயத்தைச் சேர்ந்த சத்சங்கிகள் 1948இல் ஒரு வழக்குத் தொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் இந்துக் கோயில்களுக்குள் நுழையும் உரிமையைப் பம்பாய் மாகாணச் சட்டம் அப்போதுதான் உறுதிசெய்திருந்தது. அந்தச் சட்டம் தங்கள் கோயில்களைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் தங்கள் மார்க்கம் இந்து சமயத்தைச் சேர்ந்ததே அல்ல என்பது அவர்களுடைய வாதம். கிருஷ்ணனை வழிபடுகிறவர்கள், தங்கள் குருவை நாராயணனின் அவதாரமாகக் கருதுகிறவர்கள், வாசலில் சிலரைத் தடுத்து நிறுத்துவதற்காக "நாங்கள் இந்துக்கள் அல்ல" என்று சொல்லத் துணிந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1966 ஜனவரியில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பில் அவர்கள் தோற்றார்கள். அவர்களுடைய அச்சம் மூடநம்பிக்கையிலும் அறியாமையிலும் எழுந்தது என்று நீதிபதி ஒளிவுமறைவின்றி எழுதினார்.

அந்தத் தீர்ப்பை எழுத அவர் முதலில் இந்து சமயம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரே இறைத்தூதர் இல்லை, ஒரே கடவுள் இல்லை, எல்லோரும் ஏற்கும் ஒரே கொள்கையோ ஒரே சடங்குமுறையோ இல்லை என்று இல்லாதவற்றை வரிசையாக அடுக்கிய பிறகு, பரந்த பொருளில் அதை ஒரு வாழ்க்கை முறை என்றுதான் விவரிக்க முடியும் என்றார். பிறகு திலகர் தந்த இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தார். வேதங்களைப் பிரமாணமாக மதிப்பது, முக்திக்கு வழிகள் பல என்று ஒப்புக்கொள்வது, வழிபட வேண்டிய தெய்வங்களுக்கு வரம்பில்லை என்று உணர்வது ஆகிய மூன்றும் அந்த இலக்கணம். பின்னிரண்டில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் முதலாவதை அப்படியே எடுத்துக்கொண்டால், வேதம் என்ற சொல்லையே வாழ்நாளில் உச்சரித்திராத எங்கள் ஆச்சி இந்து என்ற வட்டத்துக்கு வெளியே போய்விடுவார். அவருக்குத் தெரிந்த சாத்திரமெல்லாம், கயிலாயத்து விளக்கின் சுடரிலிருந்து பிறந்து, மயானத்தில் பிணம் தின்றதால் பூமிக்கு அனுப்பப்பட்ட சுடலைமாடனின் கதை. அதையும் கொடை என்னும் ஊர்க்கோயில் திருவிழா இரவுகளில் வில்லுப்பாட்டாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

நாடாளுமன்றம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வீரசைவர், லிங்காயத்துகள், பிரம்ம சமாஜத்தார், ஆரிய சமாஜத்தார் என்று சிலரைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும் என்று அறிவித்து, கடைசியாக முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் பொருந்தும் என்று முடித்தது. என்ன நம்ப வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கல்யாணமும் சொத்தும்தான் சட்டத்தின் கவலை என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது.

சட்டத்தை விட்டுவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறேன். தாமிரபரணிக் கரையில் பங்குனி உத்திரம் என்றால் அது சாஸ்தா கோயிலுக்குப் போகும் நாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் போனவர்கள்கூட அன்று குளத்தங்கரையிலோ வயற்காட்டிலோ இருக்கும் தங்கள் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். எங்கள் கோயிலில் சாஸ்தா பூரணை, புஷ்கலை என்ற இரு தேவியரோடு கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். அவருக்கு அபிஷேகம், சர்க்கரைப் பொங்கல், பூணூல் அணிந்த அர்ச்சகர் எல்லாம் உண்டு. அதே வளாகத்தில், சற்றுத் தள்ளி, சுண்ணாம்பு பூசிய பூடங்களாகச் சுடலையும் பேச்சியம்மனும் தளவாய் மாடனும் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிடாவும் சேவலும் வேண்டும். வேறு குடும்பத்தைச் சேர்ந்த பூசாரி பூசை செய்கிறார். கோமரத்தாடி அருள் வந்து ஆடுகிறார். கிடா வெட்டும் நேரம் வந்ததும் சாஸ்தாவின் சன்னிதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். அந்தத் திரை ஒரு சாதாரணச் சிவப்புத் துணி, மேலே கம்பியில் வளையம் மாட்டித் தொங்குவது. சைவப் படப்பை ஏற்கும் தெய்வத்தின் கண்ணில் ரத்தம் படக்கூடாது என்பதற்காக அது இழுத்து மூடப்படுகிறது. வெட்டி முடித்து, மண்ணைக் கொத்தி மூடி, தண்ணீர் தெளித்த பிறகு திரை விலகுகிறது, தீபாராதனை நடக்கிறது, சற்று முன் கிடாயின் கயிற்றைப் பிடித்திருந்தவரே முன்னால் வந்து திருநீறு வாங்கிப் பூசிக்கொள்கிறார்.

இந்து சமயத்தின் பன்மையைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்கு அந்தத் துணித்திரைதான் அதை விளங்கவைத்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஒழுக்கங்கள் ஒரே சுற்றுச்சுவருக்குள், ஒரே குடும்பத்தின் செலவில், நேரம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. எது உயர்ந்தது என்பதில் அங்கே ஐயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாஸ்தாவுக்கு மறைக்கிறார்களே ஒழியச் சுடலைக்கு எதையும் மறைப்பதில்லை. 2003இல் தமிழக அரசு, ஏட்டில் மட்டும் கிடந்த 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது, இந்த ஏற்பாட்டின் ஒரு பாதி குற்றமாகிவிட்டது. கிராமங்களில் எழுந்த கசப்பு அரசுக்கு உறைத்திருக்க வேண்டும். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

இந்தக் கோயிலில் ஒருவர் உறுப்பினர் என்பதைத் தீர்மானிப்பது என்ன? தலைக்கட்டு வரி. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. கொடைக்கு முன்னால் வரி பிரிக்க நோட்டுடன் வருவார்கள். எங்கள் பெரியப்பா கறுப்புச் சட்டைக்காரர். தாலி இல்லாமல், புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். அவரிடம் நோட்டை நீட்டிய கோயில் கணக்குப்பிள்ளை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்: "நீங்க சாமி கும்பிட வேண்டாம் அண்ணாச்சி, வரிய மட்டும் குடுத்திருங்க. நோட்டுல பேர அடிச்சிட்டா நாளைக்கு உங்க பேரனுக்கு மொட்டை எடுக்கக் கோயில் இருக்காது." பெரியப்பா சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் மனத்தில் கடவுள் இருக்கிறாரா என்பது கணக்குப்பிள்ளையின் நோட்டில் இடம்பெறாத செய்தி.

சட்டமும் அவரைக் கணக்கில் வைத்துக்கொண்டது. மணமக்கள் ஏழு அடி எடுத்துவைக்கும் சப்தபதி போன்ற சடங்குகள் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிவிட்டதால், ஆயிரக்கணக்கான தம்பதிகளின் நிலை கேள்விக்குறியானது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அதுவும் திருமணம்தான். முன்பே நடந்தவையும் இதன்படி செல்லும் என்றது சட்டம். புரோகிதத்தை மறுத்துத் தொடங்கிய ஓர் இயக்கத்தின் கல்யாணம், "இரண்டு இந்துக்களுக்கு இடையே" நடக்கும் திருமணம் என்ற தலைப்பின்கீழ் வந்து சேர்ந்தது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னால் கோபப்படுவார். ஆனால் அவர் எழுதிவைத்த உயில் முதல் அவர் பிள்ளைகளின் வாரிசுச் சான்றிதழ் வரை எல்லாம் அந்தத் தலைப்பின்கீழ்தான் நடந்தன.

அப்படியென்றால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் வெளியிலிருந்து யாரேனும் கேட்கும்போதுதான் அது வாய்விட்டுச் சொல்லப்படுகிறது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தில் மிஷனரிப் பள்ளிகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணிபுரிந்த நல்லூர் ஆறுமுக நாவலர், அவர்களுடைய முறையையே கையிலெடுத்துச் சைவ வினாவிடையை எழுதினார். கடவுள் யார், உயிர் எது, திருநீற்றை எப்படித் தரிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் கேள்வியும் பதிலும் உண்டு. 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய பள்ளியின் மரபு இன்றும் தொடர்கிறது. இலங்கையில் சைவப் பிள்ளைகள் பள்ளியில் சைவநெறி என்ற பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். தமிழகத்தின் பொதுப் பாடத்திட்டத்தில் அப்படி ஒரு பாடம் இல்லை, அதனால் இங்கே சமயம் குறைந்துவிட்டதாகவும் தெரியவில்லை. அதே நாவலர் உயிர்ப்பலியையும் ஆகமத்துக்குப் புறம்பான வழிபாட்டையும் கடுமையாகச் சாடினார் என்பதை மறக்கக் கூடாது. நம்பிக்கையை எழுத்தில் வரையறுக்கத் தொடங்கினால் சுடலைமாடனுக்கு முதலில் இடம் போய்விடுகிறது.

இந்தோனேசியாவில் இது அரசின் நிபந்தனையாகவே வந்தது. ஒரே கடவுள் என்பது அந்நாட்டின் பஞ்சசீலக் கொள்கையில் முதலாவது. அங்கே அங்கீகாரம் பெற விரும்பிய பாலித் தீவினர் தங்கள் எண்ணற்ற தெய்வங்களுக்கு மேலே சங் ஹ்யாங் வீடி வாசா என்ற ஒரே இறைவனை முன்னிறுத்த வேண்டியிருந்தது. பிறகு, 1980இல் கலிமந்தானின் தயாக் மக்களுடைய காஹாரிங்கான் என்னும் முன்னோர் வழிபாடும் இந்து என்ற தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்பட்டது.

நம் ஊரிலும் வெளியாளிடம்தான் நம்பிக்கை கேட்கப்படுகிறது. பழனி கோயில் அறிவிப்புப் பலகை தொடர்பான வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொன்னது. இந்து அல்லாத ஒருவர் குறிப்பிட்ட தெய்வத்தைத் தரிசிக்க விரும்பினால், அந்தத் தெய்வத்தின்மீது நம்பிக்கை உண்டு என்றும் சமயப் பழக்கவழக்கங்களைப் பின்பற்றுவேன் என்றும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அது பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். இந்து வீட்டில் பிறந்த பெரியப்பா பழனிக்குப் போனால் அவரிடம் யாரும் உறுதிமொழி கேட்கப் போவதில்லை. மனமுருகி முருகனைத் தேடி வரும் வேற்று மதத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இதில் ஒரு முரண் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஏனென்றால் 1970இல் தமிழகத்திலிருந்து சென்ற ஒரு சொத்து வழக்கில், கிறிஸ்தவப் பெண் ஒருவர் இந்துவாக மாறினாரா என்பதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சுத்திச் சடங்கு எதுவும் கட்டாயமில்லை, உண்மையான எண்ணமும் அதைத் தெளிவாகக் காட்டும் நடத்தையும் போதும் என்றது. அவர் இந்து முறையில் கல்யாணம் செய்து, அந்தக் குடும்பத்தில் ஒருவராக வாழ்ந்தார், அதுவே சான்றாயிற்று.

நடத்தைதான் அடையாளம் என்று நான் சொல்வதில் பெருமைக்கு அவ்வளவு இடமில்லை. என்ன நம்புகிறாய் என்று கேட்காத மரபு, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று தவறாமல் கேட்டது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயருடன் நுழைந்த, அதுவரை உள்ளே விடப்படாத சாதியினரிடம் பக்திக் குறைவு இருந்ததாக எவரும் அதற்கு முன் குற்றம் சாட்டியதில்லை. பக்தி அங்கே பொருட்டாகவே இல்லை. எங்கள் வரி நோட்டும் அதே வார்ப்புத்தான். கணக்குப்பிள்ளை நாத்திகரைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருந்து நடந்தே வரும் என் அக்காவின் பெயர் அதில் கிடையாது. கல்யாணமானதும் அவளுடைய குலதெய்வம் மாறிவிட்டது என்பார்கள்; கல்யாணமாகாத என் சித்தி எந்த நோட்டிலும் இல்லை.

சொத்தில் பெண்ணுக்கும் பிறப்புரிமையாகப் பங்கு உண்டு என்று தமிழகம் 1989இலும் நாடாளுமன்றம் 2005இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டன. சித்திக்குத் தாத்தாவின் வயலில் பங்கு வந்தது. அந்த வயலின் வரப்பை ஒட்டியிருக்கும் கோயிலில் தலைக்கட்டு வரவில்லை. போன கொடைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் பெண்கள் பெயரிலும் வரி எழுத வேண்டும் என்று நாங்கள் சிலர் கேட்டோம். "வரி யார் வேணாலும் குடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லலியே, நோட்டுல பேர் எழுதணும்னா பரிவட்டமும் கட்டணுமே, அத எப்படிச் செய்ய?" என்று ஒருவர் கேட்டார். கட்டினால் என்ன என்று சித்தி திருப்பிக் கேட்டாள். அடுத்த பங்குனிக்குள் சாஸ்தாவிடம் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பூ வந்தாலும் இந்தக் கோரிக்கையைக் கைவிடுவதில்லை என்பதில் சித்தியும் நானும் ஒரே கட்சி.