வெறுமையாக விட்ட பக்கம்

நம் பாடசாலையின் பூமிசாத்திர ஆசிரியர் காலமானார் என்ற செய்தி என்னை வந்தடைந்த அதே கிழமையில், ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரிலிருந்து என் தம்பியின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் மருத்துவன், மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் உண்டு. "பெரியப்பா, கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. போறதோ விடுறதோ, அங்க இருந்த ஆள் நீங்கள்தான், நீங்கள் சொல்லுங்கோ" என்றான். நோர்வேயின் வடகிழக்கு மூலையில், ருசிய எல்லையருகே இருக்கும் சிறு நகரம் அது. இரண்டு நாள் பொறு என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தபோதுதான், அந்தக் கோட்டைக் கிழிக்கக் கற்பித்தவர் யார் என்பது நினைவுக்கு வந்து என் கை நின்றது.

அந்த ஆசிரியரின், எங்கள் சேரின், பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரிடம் படித்தவர்களுக்கு அது தேவைப்படாது.

1979ஆம் ஆண்டு, மேல்மாடியின் கடைசி வகுப்பறை, மதியத்துக்குப் பிந்திய முதற்பாடம். கிறீன்லாந்து இருந்த இடத்தில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டப்பட்ட அந்த உலகப்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதன் உச்சியைப் பிரம்பால் தொட்டுத் தண்டரா நிலத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பநிலைகூடப் பத்துப் பாகை செல்சியசைத் தாண்டாத இடத்தில் மரம் வளராது. காட்டின் எல்லை அங்கே முடிகிறது. அப்படியிருந்தும் அங்கே மனிதர்கள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்தி, ஏன் என்று என்னைக் கேட்டார். நான் எழுந்து, "வேற போக்கிடம் இல்லாததால, சேர்" என்றேன். வகுப்பு சிரித்தது, எனக்கும் அது நல்ல விடையாகத்தான் தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. கொப்பியின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் அங்கே வாழ்வதற்கான காரணங்களையும் வலப்புறம் வாழாமல் விடுவதற்கான காரணங்களையும் எழுதிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். வலப்புறத்தில் பதினொரு காரணங்கள் எழுதினேன். இடப்புறத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் அவர் அந்தக் கொப்பியை வாங்கி, திறந்த பக்கம் வகுப்புக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னதை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் மறக்கவில்லை: "இந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது அந்த நாட்டின்ர குறை இல்லை. இவன்ர குறை." பின்னர் அந்தக் கொப்பியை இரு கைகளாலும் பிடித்தபடி பாடம் முடியும்வரை விறாந்தையில் நிற்கச் சொன்னார். கீழே மைதானத்தில் என் தம்பியின் வகுப்பு விளையாடிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவனைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் தம்பியின் மகன்தான் இன்று என்னிடம் கேட்கிறான்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அன்று நம்மில் பலர் செய்ததுபோலவே, தேர்வு இல்லாமல் தங்கிப் படிக்கும் நோர்வேயின் நாட்டுப்புற உயர்கல்லூரி ஒன்றில் இடம் பெற்று நான் வந்து சேர்ந்தேன். அடுத்த ஆண்டு, வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பின்மார்க் மாகாணத்தின் வார்டோவுக்குப் போனேன். வார்டோ, பாரன்ட்ஸ் கடலில் ஒரு சிறு தீவின்மேல் அமைந்த மீன்பிடி நகரம். தரைக்கும் தீவுக்கும் இடையே கடலுக்கு அடியால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான சுரங்கப்பாதை ஒன்று செல்கிறது. இஸ்தான்புல்லைக் காட்டிலும் கிழக்கே இருக்கும் ஊர் அது. சேர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். நான் போன காலத்துக் கணக்குப்படி அங்கே ஜூலை மாதச் சராசரியும் பத்துப் பாகைக்குக் குறைவு. ஊரின் பழைய கோட்டைக்குள் நட்ட ஒரு ரோவன் மரத்தை அந்நாளில் குளிர்காலத்தில் போர்த்திக் காப்பாற்றி வந்தார்கள். மற்றபடி மரம் என்று சொல்ல எதுவும் இல்லை. வேறு போக்கிடம் இல்லாததால்தான் நான் அங்கே போனேன். விறாந்தையில் நின்ற பையன் சொன்ன விடை, அவனைப் பொறுத்தவரை உண்மையாயிற்று. பதினான்கு குளிர்காலங்கள் அங்கே இருந்தேன்.

ஆகவே என் பெறாமகனுக்கு நான் எழுதத் தொடங்கியது வலப்புறத்திலிருந்துதான். ஆனால் குளிரை அங்கே முதலாவதாக எழுதவில்லை. வட அத்திலாந்திக் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பத்தால் அந்தத் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஜனவரி மாதச் சராசரியில் ஒஸ்லோவுக்கும் வார்டோவுக்கும் பெரிய வித்தியாசமும் கிடையாது. உள்நாட்டுக் கனடாவின் குளிரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆளை வீழ்த்துவது காற்று. முதல் ஆண்டு நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பெனியனை உள்ளே போட்டு, அதன்மேல் மூன்று சட்டைகள் அடுக்கிக்கொண்டு வேலைக்குப் போவேன். மீன் வெட்டும் மேசையில் வியர்க்கும். வெளியே வந்தவுடன் அந்த ஈரப் பருத்தி முதுகோடு ஒட்டிக் குளிர்ந்து, நடுக்கம் இரவு வரை நிற்காது. அடுத்த மேசையில் நின்ற முதிய பெண்மணி ஒருநாள் என் கழுத்துப்பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் கணவரின் பழைய கம்பளி உள்ளாடையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். ஈரமானாலும் கம்பளி சூட்டை விடாது. அந்தக் குளிருக்கு அவ்வளவுதான் மருந்து.

இருட்டுக்கு அப்படி ஒரு சட்டை இல்லை. நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் மறையும் சூரியன் ஜனவரி 20 அளவில்தான் திரும்ப வரும். நண்பகலையொட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் பரவும். அது போனால் மீண்டும் இரவுதான். என் மனைவி வந்த முதற் குளிர்காலத்தில், காலையா மாலையா என்று தெரியாமல் மூன்று மணிக்கு எழுந்து புட்டு அவித்து வைத்திருக்கிறார். இரண்டாம் ஆண்டு அவருக்கு எலும்பெல்லாம் வலித்தது. படி ஏற முடியவில்லை. ஊர் ஏக்கம் என்றே நாங்கள் இருவரும் நம்பினோம். இரத்தத்தைச் சோதித்தபோது விட்டமின் டி மிகக் குறைந்திருந்தது. நம்முடைய கறுத்த தோலுக்கு அதைச் செய்துகொள்ள வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் வெயில் வேண்டும். அந்த ஊரிலோ பல மாதங்களுக்கு அது கிடையாது. அங்குள்ளவர்கள், மாதத்தின் பெயரில் 'ர்' ஒலி வரும் காலத்தில், அதாவது செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, நாள்தோறும் ஒரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய் குடிப்பார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நாங்களும் குடித்தோம். தம்பியின் மருமகளுக்கு நான் எழுதிய முதல் வரி இதுதான்.

அடுத்தது தூரம். வார்டோவிலிருந்து கிர்க்கெனெஸ் மருத்துவமனைக்குத் தரைவழியாக ஏறக்குறைய 240 கிலோமீற்றர். 1991 பெப்ரவரியில் என் மகளைப் பெறுவதற்காக மனைவியை அந்த வழியால் கொண்டுபோனேன். பனிப்புயலில் பாதை மூடப்பட்டிருந்தது. பனி அள்ளும் வண்டி முன்னே போக, ஏழெட்டு வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. முன்னால் போகும் வாகனத்தின் இரண்டு சிவப்பு விளக்குகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவை மறைந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பின்னிருக்கையில் மனைவி தன் தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாய் இருந்த யாழ்ப்பாணத்துக்கு அன்று கடிதம் போய்ச் சேருமா என்பதே நிச்சயமில்லை. கிர்க்கெனெஸில் வேலைக்குப் போகும் என் பெறாமகன் ஆஸ்பத்திரியின் வாசலிலேயே இருப்பான். ஆனால் அவனிடம் வரும் நோயாளிகள் இந்தப் பாதையால்தான் வருவார்கள். அதை அவன் அறிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காக இதை விரித்து எழுதினேன்.

இனி இடப்பக்கம். பணக்கணக்கு எளிது. 1990 முதல் பின்மார்க்கிலும் அதை அடுத்த வட துரொம்சிலும் குடியிருப்போருக்கு வருமான வரி குறைவு. மின்சார வரி இல்லை. நோர்வேயில் கல்விக்கடன் பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி தள்ளுபடியாகும். 2023 ஆகஸ்டிலிருந்து பாலர் பாடசாலையும் இலவசம். மூன்று வயதுப் பிள்ளை உள்ளவனுக்கு அது சிறிய காரியமில்லை. இத்தனை சலுகைகளையும் ஓர் அரசு எதற்காகத் தருகிறது என்றும் அவன் யோசிக்க வேண்டும். மக்கள் அங்கே தங்காமல் தெற்கே போய்க்கொண்டிருப்பதால்தான். போனவர்களில் நாங்களும் அடக்கம். எண்பதுகளின் இறுதியில் அந்தக் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் நின்ற நம்மவர்களிற் பெரும்பாலோர், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்புக்கும் கோயிலுக்கும் நல்ல வேலைக்குமென்று ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இறங்கிவிட்டோம். நான் 2001இல் இறங்கினேன்.

பணத்துக்குக் கீழே நான் எழுதியதை எழுத எனக்கு இரண்டு நாளும் தேவைப்பட்டன. ஜனவரியில் சூரியன் முழுவட்டமாகக் கண்ணில் படும் முதல் நாளன்று வார்டோக் கோட்டையில் பீரங்கி முழங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. 1996இல் என் மகளுக்கு ஐந்து வயது ஆகவில்லை. அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோட்டைச் சுவரோரம் நின்றேன். தெற்கே கடல்விளிம்பில் முதலில் ஒரு சிவந்த கீற்று, பிறகு பாதி, பிறகு முழுதும். வேட்டுச் சத்தத்தில் அவள் என் தலைமயிரைப் பற்றிக்கொண்டாள். அருகில் நின்ற முதியவர்கள் யாரும் பேசவில்லை. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஊரில் ஒவ்வொரு நாளும் தலைக்குமேல் எரிந்த சூரியனை ஒருநாளாவது நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 1995 ஒக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் போரால் இடம்பெயர்ந்திருந்தது. அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியாத நாட்கள் அவை. அந்த நெருக்கத்தில் சேரும் தம் புத்தகங்களையும் தேசப்படங்களையும் விட்டுவிட்டு, ஒரு பையோடு தென்மராட்சிக்கு நடந்ததாகப் பின்னர் அறிந்தேன். நான் நின்ற இடத்தில் அவரும் நின்றிருக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

அம்மா 1998இல் இறந்துபோனார். நான் போகவில்லை, போக முடியவில்லை. இந்த ஒன்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டின் மேலேயே எழுதினேன். குளிர் நாட்டுக்குப் போகும் எவரும் வெப்பநிலையையும் சம்பளத்தையும் கணக்கிட்டுவிடலாம். விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு வயதாகும் என்பதை நான் கணக்கிடவில்லை. என் தம்பிக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, இருதய நோயும் உண்டு. டோர்ட்முண்டிலிருந்து கிர்க்கெனெஸுக்குப் போக ஒரு முழு நாளாவது செல்லும்.

போ என்றோ போகாதே என்றோ நான் அவனுக்குச் சொல்லவில்லை. ஜூன் மாதத்தில் போய்ப் பார்த்து முடிவெடுக்காதே என்று சொன்னேன். நள்ளிரவிலும் வெயில் எறிக்கும் அந்த மாதத்தில், கண்டவர் எல்லோரும் அங்கே வீடு வாங்க நினைப்பார்கள். ஜனவரி முதல் வாரத்தில் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் தங்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவருடைய வீட்டில் ஒருநேரமாவது சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நானும் வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரட்டே, பெரியப்பா?" என்று கேட்டான்.

கோட்டையில் அன்று உதித்த சூரியனை நான் படம் பிடித்திருந்தேன். சேருக்கு அனுப்புவதற்காக அதன் பின்புறத்தில் அகலக்கோடு 70 பாகை 22 கலை வடக்கு, நெடுங்கோடு 31 பாகை 6 கலை கிழக்கு என்றும், அதன் கீழே "இடப்பக்கத்துக்கு ஒரு காரணம், சேர்" என்றும் எழுதி உறையில் இட்டேன். அப்போது அவர் எந்த முகவரியில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. பின்னர் தெரிந்த காலத்தில், நேரில் போய்க் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். 2004இல் ஒருமுறையும் 2011இல் ஒருமுறையும் யாழ்ப்பாணம் போனபோது, அந்த உறை ஒஸ்லோவில் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. சேரின் மகள் தந்தையைப் பற்றிய நினைவுகளை மாணவர்களிடமிருந்து சேர்த்து வருவதாக நம் பாடசாலை மலர்க்குழுவினர் அறிவித்த பிறகு, உறையின்மேல் அந்த மகளின் முகவரியை எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்தேன்.