கரிசலில் இரட்டை முளை, தேரியில் பனந்துண்டு

திருநெல்வேலிச் சீமையில் சர்க்கஸ் கூடாரம் அடிக்க வருகிறவர்கள், லாரியிலிருந்து கூடாரப் பாயை இறக்குவதற்கு முன்னால் கடப்பாரையை எடுத்து மைதானத்தில் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துவிட வேண்டும். கோவில்பட்டிக் கரிசல், பாளையங்கோட்டைச் சரள், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் மேடு, அம்பாசமுத்திரத்தில் பிசான நெல் அறுப்பு முடிந்த வயல் என்று ஒருநாள் லாரி ஓட்டத்துக்குள் மண் நாலு தரம் மாறும்.

சாதாரண மண்ணில் கூடாரக் கயிற்றைக் கட்டும் 4 அடி இரும்பு முளை 3 அடி உள்ளே இறங்கினால் நிற்கும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு தரையை ஒட்டித்தான் விழ வேண்டும். ஒரு சாண் மேலே கட்டினாலே காற்றடிக்கும்போது அது நெம்புகோலாகி முளையைப் பிடுங்கிவிடும்.

கரிசல்தான் ஆளை ஏமாற்றும். காய்ந்த கரிசலில் சம்மட்டி அடிக்கும்போது முளை இரும்பில் இறங்குவதுபோல இறுகும். ஒரு கோடைமழை பெய்தால் அதே முளையைக் கையால் அசைத்து எடுக்கலாம். ஆகவே அங்கே இரட்டை முளை அடிக்க வேண்டும். முன்முளையின் தலையிலிருந்து பின்முளையின் அடிக்கு ஒரு கயிறு போட்டு முறுக்கிவிட்டால், முன்னது சாயப் பார்க்கும்போது பின்னது இழுத்துப் பிடிக்கும். தலைக்குத் தலை கட்டினால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். வெடிப்பு ஓடும் இடத்தைத் தவிர்த்துத் தள்ளி அடியுங்கள்.

சரளில் முதலில் கடப்பாரையால் துளை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முளை வளையும்.

தேரி மணலில் முளையே வேண்டாம். வைரம் பாய்ந்த பனந்துண்டு ஒன்றை 4 அடி ஆழத்தில், இழுப்புக்குக் குறுக்காகப் புதைத்து, நடுவில் கம்பிவடத்தைச் சுற்றிச் சரிவாக மேலே கொண்டுவர வேண்டும். குழியை மூடும்போது தண்ணீர் ஊற்றி ஊற்றி மிதிக்க வேண்டும். பனை அந்த ஊரிலேயே கிடைக்கும்.

அடுத்தது காற்று. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக ஆனி ஆடியில் வரும் மேல்காற்றை நம்பித்தான் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயில் விழும் அழுத்தம் நாலு மடங்கு. அந்த மாதங்களில் கூடாரம் அடிக்காமலிருப்பதே நல்லது. ஆனால் நெல்லையப்பர் ஆனித்தேர்க் கூட்டத்தை விட மனம் வராது, வாஸ்தவம். அப்படி அடித்தே தீர வேண்டுமென்றால் வாசலைக் கிழக்கே வையுங்கள். மேற்குப் பக்கப் படுதாவில் ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லாவிட்டால் கூடாரத்தையே தூக்கப் பார்க்கும்.

மணிலாக் கயிறும் நைலான் கயிறும் கலந்து கட்டவே கூடாது. நனைந்தால் மணிலா சுருங்கி இறுகும், நைலானோ இழுப்புக்கு நீண்டு கொடுக்கும். பாரமெல்லாம் மணிலா கட்டிய முளைகளில் போய் விழும். மழை வரும்போது மணிலாவைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். பாயில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கினால், ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் நீரே 100 கிலோ. துணி சுற்றிய மூங்கிலால் உடனே உள்ளிருந்து தள்ளி வடித்துவிட வேண்டும்.

புலி, சிங்கம், கரடி, குரங்கு வித்தைகளை மத்திய அரசின் 1998 அறிவிக்கை தடுத்தது, 2001இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன்பிறகு, உயரத்தில் தொங்கும் கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடும் பார் விளையாட்டுத்தான் சர்க்கஸின் உயிர். 60 கிலோ ஆள் கிடைமட்டத்திலிருந்து ஆடி வந்தால், அடிமட்டத்தில் கயிற்றுக்கு வரும் இழுப்பு 180 கிலோ. அதனால் பாருக்கும் வலைக்கும் தனி முளைகள். கூடாரத்து முளையில் அவற்றைக் கட்டக் கூடாது.

12 மில்லிமீட்டர் கம்பிவடத்தின் நுனியை மடக்கிக் கண்ணி போடும் இடத்தில் மூன்று கிளாம்ப், ஒவ்வொன்றுக்கும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி. கிளாம்பின் சேணம், அதாவது நட்டுகள் உட்காரும் அடிக்கட்டை, பாரம் தாங்கும் வடத்தின் மேல்; யு வளைவு வெட்டுமுனைப் பக்கம். மாற்றிப் போட்டால் வளைவு பாரம் தாங்கும் வடத்தை நசுக்கி இழைகளை அறுக்கும். முதல் ஒத்திகையில் பாரம் ஏறியதும் வடம் சற்றே மெலியும், நட்டுகள் தளரும். ஆட்டக்காரர்கள் இறங்கியவுடன் ஸ்பானரோடு ஏறி ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கிவிட்டுத்தான் மாலைக் காட்சிக்கு டிக்கெட் கொடுக்கச் சொல்ல வேண்டும்.