புளி போட்டுத் தேய்த்த காசுகள்

பொறையாறு கடைத்தெருவில் அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பார். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்து அடங்கியதும் தரங்கம்பாடிக் கடற்கரைப் பிள்ளைகள் டவுசர் பையில் பழைய காசுகளோடு வருவார்கள். அலை ஒதுக்கிய காசுகள். பச்சைக் களிம்பு ஏறி, ஓரம் அரித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கூட இருக்கும். அப்பா அவற்றைத் தராசில் போடமாட்டார். ஒரு காசுக்கு ஐம்பது பைசா. வாங்கியதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் இருந்த சாமி படத்தடியில் வைப்பார்.

ஒரு சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், கடை சாமான்களைத் துலக்கும்போது அம்மா அந்தப் பாட்டிலையும் கவிழ்த்துவிட்டார். புளியும் சாம்பலும் போட்டு அறுபது, எழுபது காசுகளையும் பளபளவென்று தேய்த்து அடுக்கினார். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. புதுச் செம்பு மாதிரி மின்னியது நன்றாக நினைவிருக்கிறது.

அன்று என்ன போனது என்பது எனக்குப் புரிய இருபத்தைந்து வருடம் ஆனது. செம்புக் காசின் மேல் காலம் ஏற்றிய பழுப்பு, எழுத்தின் மேடு பள்ளம், ஓரத்தின் கூர்மை எல்லாம் புளியோடு போய்விட்டன. சேகரிப்பவர்கள் அந்தப் பழுப்பை பாட்டினா என்பார்கள். அது போன காசைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், விலையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அம்மாவை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. செம்பைப் புளி போட்டுத் துலக்காத வீடு நம் பக்கம் எங்கே இருக்கிறது?

அப்பா போன பிறகு அந்தப் பாட்டில் என்னிடம் வந்தது. மயிலாடுதுறையில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். பகலெல்லாம் காசு எண்ணிவிட்டு வந்து, இரவில் பூதக்கண்ணாடியும் கையுமாக இந்தக் காசுகளைப் படித்தேன். ஒரு பக்கம் கிரீடம், அதன் கீழே பின்னிய எழுத்துகள். சிலவற்றில் சி-யும் 7-ம், சிலவற்றில் எஃப்-உம் ஆறு என்ற எண்ணும். ஏழாம் கிறிஸ்டியன், ஆறாம் ஃபிரெடெரிக் என்ற டென்மார்க் அரசர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி பெற்று தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள், 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை வெளியிட்ட நாணயங்கள் இவை. வங்காளத்தில் அவர்களிடம் இருந்த செரம்பூரையும் சேர்த்து அந்த விற்பனை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு முடிந்தது.

மறுபக்கத்தைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோமன் எண்ணில் நான்கு, அதன் அருகே ‘காஸ்’ என்று லத்தீன் எழுத்தில் ஒரு சொல். நம் காசுதான்! 80 காஸ் சேர்ந்தால் ஒரு ‘ஃபானோ’. அதுவும் நம் ‘பணம்’ என்ற சொல்தான். டேனிஷ் அரசர் தன் கிரீடத்தை ஒரு பக்கம் பொறித்துவிட்டு, மறுபக்கத்தில் கடைத்தெருக்காரன் சொன்ன சொல்லை அப்படியே பொறித்திருக்கிறார். அப்பாவின் கடைத்தெருச் சொல். அன்றிலிருந்து வேறு எந்த நாணயமும் வேண்டாம், தரங்கம்பாடிக் காசு மட்டும் போதும் என்று முடிவெடுத்தேன். சோழர் காசு ஆசை காட்டியதுண்டு. தொடவில்லை.

சரி, எங்கே வாங்குவது? கடற்கரையில் இப்போதும் யாராவது கையை நீட்டிக் காட்டுவார்கள். எனக்கு அதில் மனமில்லை. பூமியில் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறாண்டைத் தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கையில் வாங்கும் காசுக்குக் கதை மட்டும்தான் கூட வரும், அந்தக் கதையும் ஆளுக்கு ஆள் மாறும். ஏலத்தில் வரும் காசுக்குப் படம், எடை, லாட் எண் (ஒன்றாக ஏலம் விடும் தொகுதியை லாட் என்பார்கள்), தேதி எல்லாம் அச்சில் நிற்கும். பின்னால் இன்னொருவர் தேடினாலும் கிடைக்கும். அப்பாவின் பாட்டிலில் இருந்த ஒரு காசுக்கும் அது இல்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

மும்பை, பெங்களூரு, அகமதாபாத் மூன்றிலும் நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. பான், ஆதார் கொடுத்துப் பெயர் பதிந்துகொண்டால் வீட்டிலிருந்தே ஏலம் கேட்கலாம். ஏலத்துக்குச் சில வாரங்கள் முன்பே கேட்டலாக் வந்துவிடும். முதல் தடவை அதைத் திறந்தபோது, கணக்குப் பாடம் புரியாத பிள்ளை மாதிரி விழித்தேன். வி.எஃப். என்றால் ஓரளவு தேய்ந்தது. எக்ஸ்.எஃப். என்றால் கொஞ்சமே தேய்ந்தது. ஆர் எழுத்து எத்தனை வருகிறதோ அத்தனை அரிது. மதிப்பீடு என்று இரண்டு தொகை போட்டிருப்பார்கள். விலை அதற்குள் நிற்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

தரங்கம்பாடியில் மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவள் நான். கூடையைக் கொட்டியதும் ஏலக்காரர் விலை சொல்ல ஆரம்பிப்பார். வியாபாரிப் பெண்கள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்பார்கள். ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ முடிவதற்குள் கூடை கைமாறிவிடும். ஆனால் அவர்கள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். நாணய ஏலத்தில் எனக்குக் கிடைப்பது செல்போன் திரையில் ஒரு படம். நேரில் பார்க்க நாள் ஒதுக்குவார்கள். மயிலாடுதுறையிலிருந்து மும்பை போய்ப் பார்த்துவிட்டு வருகிற செலவில் இன்னொரு காசு வாங்கிவிடலாம்.

2016இல் முதல் லாட் எடுத்தேன். ஆறாம் ஃபிரெடெரிக்கின் 10 காஸ் ஒன்றும் 4 காஸ் மூன்றும், நான்கும் ஒரே லாட்டில். 6,000 ரூபாய்க்கு விழுந்தது. துள்ளிக் குதித்தேன். அடுத்த வாரம் பில் வந்தது. பையர்ஸ் பிரீமியம், அதாவது வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணம், 18 சதவீதம்: 1,080 ரூபாய். அதற்கு மேல் வரி, அதற்கும் மேல் காப்பீட்டோடு கூரியர். கூட்டிப் பார்த்தால் 8,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நிபந்தனைப் பக்கத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறேன். என் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகலாம் என்று முதலில் எழுதி, பிரீமியம், வரி, கூரியர் மூன்றையும் கழித்து மிஞ்சுவதுதான் நான் கேட்கும் உச்ச விலை. அதை ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பே எழுதி அனுப்பிவிடுவேன். உச்சம் 10,000 என்று கொடுத்தாலும், அடுத்தவர் 6,000-த்தில் நின்றுவிட்டால் அதற்கு ஒரு படி மேலே, 6,500-க்கே நமக்கு விழும். இரவு ஒன்பது மணிக்கு நேரலையில் உட்கார்ந்தால் என் கை சும்மா இருக்காது. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது வாங்கியதில்தான் அடிபட்டேன். ஏழாம் கிறிஸ்டியனின் 4 காஸ், தரம் எக்ஸ்.எஃப். என்று போட்டிருந்தது, படமும் அற்புதமாக இருந்தது. கவர் பிரித்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். கிரீடத்துக்கு மேலே ஒரு சின்ன வட்டம் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. ஓட்டை போட்டிருந்த காசு. யாரோ செம்பு வைத்து அடைத்து, மேலே நிறமும் ஏற்றியிருக்கிறார்கள். நேராக எடுத்த படத்தில் அது தெரியவே தெரியாது. எழுதிக் கேட்டேன். ‘உள்ளது உள்ளபடி விற்பனை, திரும்பப் பெறுவதில்லை’ என்று நிபந்தனையின் ஒரு வரியை அனுப்பினார்கள். இரண்டு தடவை போனில் பேசியும் பயனில்லை. அந்த நிறுவனத்தில் அப்புறம் நான் கேட்டதில்லை. அடைத்த ஓட்டையைக் குறிப்பிடாமல் எக்ஸ்.எஃப். என்று அச்சடித்தது தவறு என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் காசை விற்கவில்லை. நம் பக்கத்தில் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஓட்டைக் காசு கட்டுவார்கள். எனக்கே கட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டை அப்படி வந்ததாகவும் இருக்கலாம். பிறகு ஒவ்வொரு முறையும் ஏலத்துக்கு முன் கடிதம் போட்டு, சாய்த்து எடுத்த படமும் ஓரத்தின் படமும் கேட்கிறேன். நல்ல நிறுவனங்கள் மறுநாளே அனுப்பிவிடுகின்றன. அனுப்பாதவர்களிடம் கேட்பதில்லை.

வங்கிக் கவுண்டரில் மாதத்துக்கு ஒருவராவது ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டி, ‘வைஷ்ணோ தேவி படம் போட்டிருக்கு, லட்சக்கணக்குல எடுக்கிறாங்களாமே’ என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா, முன்பணமாகச் சில ஆயிரம் கட்டிவிட்டே வந்திருந்தார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்துக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அதை அச்செடுத்துக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். ஏலத்தில் விற்பவரிடமும் கமிஷன் வாங்குவார்கள், ஆனால் காசு விற்ற பிறகு, விற்ற தொகையிலிருந்துதான் கழிப்பார்கள். முன்கூட்டிப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

2024 செப்டம்பரில் கோபன்ஹேகனில் நடந்த ஏலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லார்ஸ் எமில் ப்ரூன் வெண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். சிறுவயதில் மாமாவின் சில நாணயங்கள் கைக்கு வந்ததில் தொடங்கி, 1923இல் இறக்கும்போது ஏறத்தாழ 20,000 நாணயங்களும் பதக்கங்களும் நோட்டுகளும் வைத்திருந்தார். முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்தவர், டென்மார்க்கின் தேசியச் சேகரிப்புக்கும் அப்படி ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். தன் சேகரிப்பை நூறு வருடம் விற்கக் கூடாது, அரசுச் சேகரிப்புக்கு மாற்றாக இருக்கட்டும், நூறு வருடம் பத்திரமாகக் கழிந்தால் வாரிசுகள் விற்றுக்கொள்ளலாம் என்று உயில் எழுதிவைத்தார். நூறு வருடமும் கழிந்தது. தேசிய அருங்காட்சியகம் முதலில் ஏழு நாணயங்களை வாங்கிக்கொண்டது. செப்டம்பர் 14 அன்று முதல் பகுதி ஏலத்துக்கு வந்தது, ஏறக்குறைய 1.48 கோடி யூரோவுக்குப் போனது. அரசர் ஹான்ஸ் காலத்து 1496ஆம் ஆண்டுத் தங்க நாணயம் ஒன்றே 12 லட்சம் யூரோ.

அந்த விலைகள் எனக்கு வேறு உலகம். ஆனால் நாணயத்தை இப்படி நேசித்த ஒரு மனிதரை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. தன் ஆயுளுக்கு அப்பால் நூறு வருடத்துக்குக் காவல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குக் கிடைக்காமல் போனதில் மனத்தை விட்டு அகலாதது ஒரு ஈயக் காசு. நான்காம் கிறிஸ்டியன் காலத்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் முதலில் அடித்தது ஈயத்தில்தான். ஈயம் கடற்காற்றில் வெள்ளையாகப் பூத்து உதிரும் என்பதால் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். என் உச்சம் 15,000. நேரலையைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் திறந்தேன். 15,000-ஐத் தாண்டியபோது விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. 20,000, 25,000 என்று போய் 32,000-த்தில் நின்றது. எடுத்தவர் யாரென்று தெரியாது. ஈரம் படாத இடத்தில் வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

போன மாதம் ஒன்று எடுத்தேன். எட்டாம் கிறிஸ்டியனின் 4 காஸ், ஊரை விற்ற அரசர் அவர்தான். ஆண்டில் 1, 8, 4 வரை தெளிவாக இருக்கிறது, கடைசி இலக்கம் தேய்ந்துவிட்டது. அதனால்தான் என் பட்ஜெட்டுக்குள் வந்தது. பிரீமியம், வரி, கூரியர் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பழுப்பு அப்படியே இருக்கிறது. இதை யாரும் புளி போட்டுத் தேய்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பத்தோரு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசி இலக்கம் இரண்டு என்கிறார். எனக்கு ஐந்து மாதிரி தெரிகிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது இன்னொரு தடவை பார்க்கலாம் என்று காசை உறையில் போட்டு, அப்பாவின் ஹார்லிக்ஸ் பாட்டில் பக்கத்தில் வைத்தார்.