எந்தப் பிறழ்வு முந்தியது?

"ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி என்கிறாய், எப்போதும் கணினி முன்னால்தானே இருக்கிறாய்?" என்று கொழிஞ்சாம்பாறையில் பெரியப்பா கேட்கிறார். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய இந்த ஆய்வில் நான் கையாள்வது ரத்தத்தை அன்று. ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனித்தனியே வாசித்தெடுத்த மரபணுத் தரவுகளை. ஒருவகை ரத்தப் புற்றுநோயில், ஜாக்2, டெட்2 ஆகிய இரு மரபணுக்களிலும் பிறழ்வு (மரபணுவில் நேரும் மாற்றம்) கொண்ட நோயாளிகளிடம், எது முந்தி வந்தது என்பதைப் பொறுத்து நோயின் போக்கே மாறுகிறது என்று 2015இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. ஜாக்2 முந்தியவர்களுக்குச் சற்று இளைய வயதிலேயே நோய் வெளிப்படுவதும், ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் கூடுதல். ஒரு பிறழ்வு மட்டும் உள்ள செல்கள் கிடைத்தால் அந்தப் பிறழ்வே முந்தி வந்தது எனலாம். ஆனால், இரண்டும் உள்ள செல்லில் ஒன்றை வாசிப்பு தவறவிட்டாலும் அது ஒரு பிறழ்வு மட்டும் உள்ள செல்லாகவே தோன்றும். அந்தத் தவறலின் நிகழ்தகவைக் கணக்கிடுவதிலேயே என் நாள் கழிகிறது என்பதால், பாலக்காட்டுப் பக்கம் புள்ளியியல் படிக்கும் தம்பி தங்கைகள் உயிரியல் பட்டம் இல்லையே என்று தயங்காமல் இத்துறைக்கு வரலாம்.