மேரி ராபின்சனின் மூன்று மாதங்கள்

"அதை மேரி சொன்னாரா, மேரிக்குச் சம்பளம் கொடுத்தவர் சொன்னாரா, அக்கா?" என்று எங்கள் குழுவின் இளம் செவிலி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வீடு வீடாகச் சென்று பார்க்கும் இந்த வேலை தன்னால் ஆகாது, வார்டுக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, இங்கிலாந்தின் லிவர்பூலில் இது தொடங்கிய கதையை எடுத்தவள் நான்தான்.

வணிகரான வில்லியம் ராத்போன், 1859-இல் மனைவி இறந்தபின், நோயில் அந்த மனைவியைக் கவனித்துக்கொண்ட செவிலி மேரி ராபின்சனையே நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்ப மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரே மாதத்தில் மேரி அழுதுகொண்டு வந்து, காண்கிற துயரத்தைத் தாங்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். பேசிய காலமாவது முடியட்டும் என்று ராத்போன் தேற்றி அனுப்பினார். முடிந்தபோது, இந்த வேலையை விட்டு இனிப் போகமாட்டேன் என்று மேரியே சொன்னாராம். 1862-இல் நைட்டிங்கேலின் ஆலோசனையோடு வந்த பயிற்சிப் பள்ளியும், நகரம் 18 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டதும், 1868-இல் நாடாளுமன்றம் சென்றபின்னும் ராத்போன் விடாமல் செய்த பணியும் அந்த மூன்று மாதச் சோதனை முயற்சியிலிருந்து கிளைத்தவையே.

சொன்னதில் பொய்யில்லை. ஆனால் மேரியின் மனமாற்றம் நமக்குக் கிடைப்பது ராத்போனின் வாய்மொழியாகத்தான். மேலும், மேரியை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நோயாளிகளுக்கான உணவும் மற்றத் தேவைகளும் அவர் செலவு. எங்கள் பெண்ணோ, ஹீட்டர் அணைந்து கிடந்த அறையில் முதியவர் ஒருவரின் கால்புண்ணுக்குப் புதுக் கட்டுப் போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால்கூட இல்லாததைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது கதை மட்டும்.

ஆக்னஸ் ஜோன்ஸ் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ராத்போனின் பண உதவியோடு 1865-இல் லிவர்பூலின் பிரவுன்லோ ஹில் ஏழையர் விடுதி மருத்துவமனைக்கு வந்த செவிலி அவர்; மூன்றே ஆண்டுகளில், 35 வயதில், டைபஸ் காய்ச்சலில் இறந்தார். சோர்ந்து வந்தவளிடம் அதைச் சொல்லாததில் குற்றமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ராத்போனும் நல்லெண்ணத்தில்தான் பேசியிருப்பார். ஆனாலும், ஆள் பற்றாக்குறையான அந்த வாரத்தில் அவள் போய்விட்டால் அவளுடைய வீடுகளை யாரிடம் கொடுப்பது என்ற கணக்கும் என் மனத்தில் ஓடியது உண்மை.

அவள் இன்னும் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள், நன்றாகவும் செய்கிறாள். ஏன் தங்கினாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் மேலதிகாரிக்குச் சொல்கிற பதில்தான் வரும்.